தாய்மார் பக்கம்: ஆறும் ஏழும்

இந்த வாரத் தபாலில் வந்த கடிதங்களில் இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்று கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு மருமகள் எழுதியது. மற்றொன்று சிதம்பரம் வடக்கு வீதியிலிருந்து ஒரு தாயார் எழுதியது. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனாலும் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் மற்றவருக்கும் வேண்டியிருக்கிறது. அதனால் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கடலூர் சகோதரிக்கு இருபத்திரண்டு வாரம் முடிந்திருக்கிறது. "காலையில் சரியாக இருக்கும் கால், சாயங்காலம் செருப்புக்குள் நுழைய மறுக்கிறது. இரவில் கெண்டைச் சதை பிடித்துக்கொள்கிறது. வயிறு சில சமயம் கல் மாதிரி ஆகி, பிறகு இளகிவிடுகிறது. இதெல்லாம் சகஜம் என்கிறார் மாமியார். எது சகஜம், எது சகஜமில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் புறப்படுகிறேன். பஸ்ஸில் போகலாமா?" என்று கேட்கிறார்.

சிதம்பரத்துத் தாயாரின் கவலை வேறு. பெண்ணை ஐந்தாம் மாதமே அழைத்து வந்துவிட்டார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு. "இங்கே நர்ஸம்மா வந்து, சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை வியாதி கிடையாது. பெண் இனிப்பைத் தொடுவதே இல்லை. வளைகாப்பு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?" என்கிறார்.

சரியில்லை, அம்மா. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

நம் வீடுகளில் மாதக் கணக்கு. டாக்டரிடம் வாரக் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. கடைசியாக வீட்டுக்கு விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி, நாற்பது வாரம், அதாவது 280 நாள் என்பது டாக்டர்களின் கணக்கு. இருபதாவது வாரம் பாதி வழி. இன்று நாம் பேசப்போவது இருபதாவது வாரத்திலிருந்து இருபத்தேழாவது வாரம் முடியும் வரையுள்ள காலம். நம் வழக்கில் சொன்னால், ஐந்து முடிந்து ஆறு நடந்து ஏழு பிறக்கிற காலம்.

கர்ப்ப காலத்தில் இதுதான் சுகமான பகுதி என்பார்கள். மசக்கை அடங்கிவிடுகிறது. சோறு பிடிக்கிறது. முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. வயிறு தெரிகிறது, ஆனால் பாரமாகவில்லை. சுகமாக இருப்பதாலேயே பலரும் இந்தச் சமயத்தில் டாக்டரை மறந்துவிடுகிறார்கள். அதோடு, பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இடம் மாறுகிற காலமும் இதுதான். கடலூரில் பார்த்த டாக்டர், சிதம்பரத்தில் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறார். சிதம்பரத்தில் இருப்பவர்களோ, எல்லாம் கடலூரிலேயே பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாற்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் ஒரு முக்கியமான பரிசோதனை விழுந்து காணாமற் போய்விடுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

இருபதாவது வாரத்தில் கர்ப்பப்பை தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு டாக்டர் நாடா வைத்து அளந்தால், எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்கும். இரண்டு மூன்று கூடக் குறைய இருந்தால் பயமில்லை.

குழந்தை இருபதாவது வாரத்தில் சுமார் 300 கிராம். இருபத்து நான்கில் சுமார் 600 கிராம். நீளம் ஓர் அடி. இருபத்தெட்டாவது வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடுகிறது. தோல் இன்னும் மெல்லியது. கொழுப்புச் சேராததால் சுருக்கம் விழுந்து, கிழவர் முகம் போல இருக்கும். உடம்பெங்கும் பூனை மயிர். அதன் மேல் வெண்ணெய் தடவினாற்போல ஒரு பூச்சு. விரல் ரேகைகூட வந்துவிடும். இமைகள் திறப்பது இருபத்தாறாவது வாரத்தை ஒட்டி.

காதும் இந்தக் காலத்தில்தான் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. பெரிய சத்தம் கேட்டால் குழந்தை துள்ளுவதைத் தாய் உணரலாம். வளைகாப்பன்று கை நிறைய அடுக்கிய கண்ணாடி வளையல்களின் ஓசை குழந்தைக்குக் கேட்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். காது கேட்கத் தொடங்கும் காலத்தைப் பார்த்தால் அது வெறும் அலங்காரப் பேச்சல்ல. ஆனால் வளையலைவிடத் தாயின் குரல்தான் குழந்தைக்கு நன்றாக எட்டுகிறது. ஆகவே பேசுங்கள், பாடுங்கள். ராகம் பிசகினாலும் உள்ளே இருக்கிற ரசிகர் குறை சொல்லமாட்டார்.

துடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தலைச்சன் பிள்ளைக்குத் துடிப்புத் தெரிவது பதினெட்டு, இருபது வாரத்தில். இரண்டாவது பிள்ளையானால் கொஞ்சம் முன்னதாகவே தெரிந்துவிடும். முதலில் வயிற்றில் வாயு புரள்வது போலவும் மீன் குஞ்சு வாலை அசைப்பது போலவும் இருக்கும். போகப் போக உதையே விழும். எப்போது விளையாடும், எப்போது தூங்கும் என்று தாய்க்கே ஒரு கணக்குப் பிடிபட்டுவிடும். இருபத்து நான்கு வாரம் ஆகியும் துடிப்பே தெரியவில்லையென்றால், அல்லது தெரிந்துகொண்டிருந்த துடிப்புக் குறைந்துவிட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இராமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

எது சகஜம்?

கடலூர் சகோதரி கேட்ட பட்டியலை எடுத்துக்கொள்வோம்.

பாதமும் கணுக்காலும் சாயங்காலம் வீங்கி, இரவு படுத்து எழுந்ததும் வடிந்துவிட்டால் பெரும்பாலும் சகஜம். உட்காரும்போது காலை ஒரு மணையின் மேல் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். நின்றபடியே சமையலை முடிக்கும் வழக்கத்தை மாற்றி, காய் நறுக்குவதையாவது உட்கார்ந்து செய்யுங்கள்.

கெண்டைச் சதை பிடித்துக்கொள்வதும் சகஜம். பிடித்தவுடன் முழங்காலை நீட்டி, கால் விரல்களை உங்கள் பக்கமாக இழுத்தால் விட்டுவிடும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் வலிக்கிறது என்றால் அது வேறு. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

வயிறு கல்லாகி இளகுவது, கர்ப்பப்பை செய்துகொள்ளும் ஒத்திகை. ஒழுங்கில்லாமல் எப்போதோ வரும். தண்ணீர் குடித்து ஒருக்களித்துப் படுத்தால் நின்றுவிடும். நிற்காமல், கடிகாரம் பார்த்தாற்போலத் திரும்பத் திரும்ப வந்தால், இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டால், அது ஒத்திகையல்ல.

நெஞ்சு கரிப்பு, மலச்சிக்கல், முதுகு வலி, மூச்சு வாங்குதல், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், முகத்தில் கருமை, தொப்புளுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு, மார்பில் சொட்டுச் சீம்பால் - இவை எல்லாம் இந்த மாதங்களின் விருந்தாளிகள். பிரசவமானபின் அநேகமாகத் தாமே விடைபெற்றுப் போய்விடும். மல்லாந்து படுத்தால் சிலருக்குத் தலை சுற்றும். வளர்ந்த கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்துவதால் வருவது அது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் முதுகுக்கும் சுகம்.

காரணமில்லாமல் அழுகை வருவதும் உண்டு. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் போகட்டும். இரண்டு வாரமாகச் சிரிப்பே இல்லை, தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டிய வியாதிகளின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது திமிருமல்ல, சோம்பலுமல்ல.

எது சகஜமில்லை?

வீக்கம் காலில் நிற்காமல் முகத்திலும் விரலிலும் வருகிறதா? மோதிரம் கழலவில்லையா? தலைவலி விடாமல் இருக்கிறதா? கண் மங்குகிறதா, பூச்சி பறக்கிறதா? மேல் வயிற்றில் வலி உண்டா? இவை ரத்தக் கொதிப்பின் அடையாளங்கள். கர்ப்பத்தினால் வரும் ரத்தக் கொதிப்பு இருபதாவது வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் தலை காட்டலாம். 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டுவிட்டால் கவனிக்கத்தான் வேண்டும். சில பெண்களுக்கு ஒரு அடையாளமும் இல்லாமலே ஏறிவிடும். ஒவ்வொரு தடவையும் கையில் பட்டை கட்டிப் பார்ப்பதும் சிறுநீர் பார்ப்பதும் இதற்காகத்தான். "முகம் பூரித்திருக்கிறது, பிள்ளைதான்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஜோசியம் சொன்னால் சிரித்துக்கொண்டே கேளுங்கள். கேட்டுவிட்டு ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் படுதல், நீர் கசிதல், ஒழுங்காக வரும் வலி, காய்ச்சல், சிறுநீர் போகையில் எரிச்சல், பாதத்திலும் உள்ளங்கையிலும் விடாத அரிப்பு - இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது" என்று சொல்வார்கள். இது முற்றிலும் தவறு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குச் சேர்த்து வைக்கும் சொத்து. நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு வழுவழுப்பான பொருள் இருபத்து நான்காவது வாரத்தை ஒட்டித்தான் உண்டாக ஆரம்பிக்கிறது. ஆகவே இந்த மாதங்களில் பிறந்துவிடும் குழந்தைக்கு மூச்சுத்தான் முதல் கஷ்டம்.

ஆனால் நல்ல செய்தியும் உண்டு. வலி முன்கூட்டியே வந்துவிட்டது என்று தெரிந்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால், குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தத் தாய்க்கு ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி வேலை செய்யச் சில மணி நேரமாவது வேண்டும். ஒரு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. "விடியட்டும், போகலாம்" என்று வீட்டில் கழிக்கிற ஓர் இரவு, குழந்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய மூச்சு. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும், பணம் கிடையாது. கடலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரத்தில் காமராஜ் அரசு ஆஸ்பத்திரியும், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. எங்கே போவது என்பதை இன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வலி வந்தபின் பேசிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

அந்தச் சர்க்கரைத் தண்ணீர்

சிதம்பரத்து அம்மாளுக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

பெண் இனிப்புச் சாப்பிடுவதற்கும் இந்தச் சர்க்கரைக்கும் நேரான சம்பந்தம் இல்லை. குழந்தைக்கு உணவு கொடுக்கும் நஞ்சு, தாயின் ரத்தத்தில் சில சுரப்புகளைக் கலக்கிறது. குழந்தைக்கு ஆகாரம் குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்பது அவற்றின் எண்ணம். அதனால் அவை தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. பெரும்பாலான பெண்களின் உடம்பு அதற்கு ஈடாக அதிக இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடும். சிலருடைய உடம்பால் முடிவதில்லை. அப்போது சர்க்கரை ஏறுகிறது. இந்த இழுபறி நன்றாகத் தெரிய ஆரம்பிப்பது இருபத்து நான்காவது வாரத்திலிருந்து. அதனால்தான் இருபத்து நான்குக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் பார்க்கச் சொல்கிறார்கள். முதல் மாதங்களில் பார்த்துச் சரியாக இருந்தாலும் இப்போது மறுபடி பார்க்க வேண்டும்.

ஏறிய சர்க்கரை தாயின் கண்ணுக்குத் தெரியாது, வலிக்கவும் வலிக்காது. ஆனால் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. குழந்தை அளவுக்கு மீறிக் கொழுத்துப் பிரசவம் கஷ்டமாகலாம். பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். தாய்க்கு ரத்தக் கொதிப்பு வர ஏதுவாகலாம். பின்னாளில் தாய்க்கும் பிள்ளைக்கும் நிரந்தரமாகவே சர்க்கரை வியாதி வருவதற்கும் இது வழி செய்யும்.

இந்தப் பரிசோதனை முறை எங்கோ சீமையிலிருந்து வந்தது என்று எண்ண வேண்டாம். நம் சென்னையில் டாக்டர் வி. சேஷையா என்பவர், நம் நாட்டுப் பெண்களின் சௌகரியத்தை எண்ணி வகுத்த முறை இது. வெளிநாட்டு முறையில் முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி கிடந்து, பல தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு வா என்றால் எப்படி வருவாள்? வந்தாலும், இன்று போய் நாளை வா என்றால் மறுபடி வருவாளா? ஆகவே, சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும் என்று வகுத்தார். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. 2007-இல் தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2014-இல் மத்திய அரசும் தன் வழிமுறைகளில் இந்த முறையைச் சேர்த்துக்கொண்டது. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நம் தேசத்தில் கொண்டாடுகிறார்கள்.

ஆகவே, அம்மா, வளைகாப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வளைகாப்புக்கு முன்பே நர்ஸம்மாவுடன் பெண்ணை அனுப்புங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது. ஐந்து பத்து நிமிஷத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட வேண்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மறுபடி குடிக்க வேண்டியிருக்கும். குடித்தபின் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒன்றும் சாப்பிடக் கூடாது. இந்தப் பத்திரிகையின் தொடர்கதை இரண்டு படிக்க நேரம் சரியாக இருக்கும்.

சர்க்கரை இருக்கிறது என்று சொன்னாலும் பதறவேண்டாம். பலருக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு, சாப்பிட்டபின் நடந்தாலே கட்டுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ கொடுப்பார்கள். பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயம்

இரண்டு பேருக்காகச் சாப்பிடு என்று ஒரு கட்சி. அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும், குறைத்துச் சாப்பிடு என்று இன்னொரு கட்சி. இரண்டும் வேண்டாம். வழக்கமான சாப்பாட்டோடு ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி கூடினால் போதும். ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு சின்ன வாழைப்பழம் - ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த மாதங்களில் எடை மாதத்துக்கு இரண்டு கிலோ அளவில் ஏறுவது சரியான அடையாளம்.

இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றி ஒரு புகார் எப்போதும் வருகிறது. அதைச் சாப்பிட்டால் குழந்தை கறுத்துவிடும் என்று! மாத்திரையால் கறுப்பது மலம்தான், குழந்தையல்ல. குங்குமப்பூவால் குழந்தை சிவப்பதும் இல்லை. நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7-க்குக் கீழே போனால் ஆபத்து. ஆஸ்பத்திரியில் வைத்தே பார்ப்பார்கள். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்காத உடம்பு அது. ஆகவே மாத்திரையைத் தினம் ஒன்று, விடாமல் சாப்பிடுங்கள். காப்பி, டீயோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள். சத்து உடம்பில் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போடாமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சம் பழச் சாறோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். முருங்கைக் கீரை, கேழ்வரகு, எள், வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் நம் கைக்கெட்டிய பொருள்கள்தானே!

மீன் சாப்பிடும் வீடுகளுக்குக் கடலூரைவிட நல்ல ஊர் ஏது? மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் மிகவும் நல்லவை. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அவை வேண்டாம். கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்தில் இருப்பவர்கள் கொத்சு இல்லாமல் இட்லி சாப்பிடுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கத்தரிக்காய் கொத்சு தாராளமாகச் சாப்பிடலாம். எண்ணெயையும் காரத்தையும் மட்டும் அடக்கினால் நெஞ்சு கரிக்காது. பண்ருட்டிப் பலாப்பழம் இரண்டு சுளை சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயணமும் நடையும்

கடலூர் சகோதரி பஸ்ஸில் போகலாம். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, பிரயாணத்துக்கு ஏற்ற காலம் இதுதான். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, நடுப்பகுதி ஸீட்டாகப் பிடித்து உட்காருங்கள். பின் ஸீட் தூக்கிப் போடும். காரில் போனால் பெல்ட்டை வயிற்றுக்கு மேலே போடாமல், கீழ்ப்பட்டையை அடிவயிற்றுக்குக் கீழேயும் மேல்பட்டையை மார்புகளுக்கு நடுவிலும் போட்டுக்கொள்ள வேண்டும்.

தினம் அரை மணி நடை நல்லது. கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் சிதம்பரத்தில் நான்கு வீதிகளிலும் மாலை வெயில் தாழ்ந்தபின் நடக்கலாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் கூட்டத்தில் இடிபட வேண்டாம். நடராஜர் மறுநாளும் அங்கேதான் இருப்பார், நிதானமாகத் தரிசிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆறு ஏழு மாதம் நடப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் கடலூர்க் கரைக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் 2015 மழை வெள்ளமும் இந்த ஜில்லாவைப் படுத்திய பாடு எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு வார மாத்திரை, பரிசோதனைப் புத்தகம், காய்ச்சி ஆறிய தண்ணீர் மூன்றையும் ஒரு பையில் தயாராக வையுங்கள். தாழ்ந்த இடத்தில் வீடு என்றால் மழை பிடிப்பதற்கு முன்பே மேடான இடத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள்; கிராம சுகாதார நர்ஸுக்கும் தகவல் சொல்லுங்கள்.

ஸ்கேனும் பதிவும்

குழந்தையின் அங்கங்கள் சரியாக அமைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்கேன் பதினெட்டு, இருபது வாரத்தில் எடுக்க வேண்டியது. விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஏதேனும் கோளாறு என்று தெரிந்தால் யோசித்து முடிவெடுக்கச் சட்டம் கால வரம்பு வைத்திருக்கிறது. நாள் கடத்தினால் கை நழுவிவிடும். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கென்றே இலவசப் பரிசோதனை நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு, பணமும் சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளில் கிடைக்கிறது. ஊர் மாறினால் நர்ஸம்மாவிடம் சொல்லி, பதிவு எண்ணைக் காட்டி, புது ஊரிலும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்குகையிலும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

கடைசியாக, இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெண்ணை அழைத்துப் போகிறபோது வெற்றிலை பாக்கு, பூ, பட்டுப் புடவை எல்லாம் மறக்காமல் எடுத்து வைக்கிறீர்கள். அவற்றுக்கு மேலே அந்தப் பரிசோதனைப் புத்தகத்தையும் ஸ்கேன் காகிதங்களையும் வையுங்கள். அனுப்புகிறவர், "அடுத்தது என்ன பார்க்க வேண்டும், எந்தத் தேதியில்?" என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். அழைத்துப் போகிறவர் அந்தத் தேதியைக் காலண்டரில் வளைகாப்புத் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் நல்ல நாள்தான்.

அடுத்த இதழில்: எட்டாம் மாதம் - ஆஸ்பத்திரிப் பையில் என்னென்ன எடுத்து வைப்பது?